‘அவர்கள்’ படத்தில் நாம் எண்ணாமல் விட்டவர்

காதல் கதை எழுதிக்கொண்டிருக்கும் உதவி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, தோழியரே,

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் இன்னொருவர் படத்துக்கு உழைத்துவிட்டு, இரவில் சொந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்காக இந்த மடல். உங்களில் பலர் இப்போது எழுதுவது காதல் கதை, அதிலும் வழக்கத்துக்கு மாறான காதல் கதை. வயது வித்தியாசம், சாதி மீறல், திருமணத்துக்கு வெளியே முளைக்கும் உறவு, ஒரே பாலினத்தாரின் காதல் என்று தமிழ் சினிமா நெடுங்காலம் தொடத் தயங்கியதையெல்லாம் தொட்டுவிட வேண்டும் என்கிற வேகம் உங்களுக்கு இருக்கிறது. அந்த வேகம் வீண்போகக் கூடாது. ஆனால் டிஸ்கஷனில் உட்கார்ந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்து விழுந்துவிடுகிறது: “அந்தப் பொண்ணு கடைசியில யாரோட சேர்றா?” அதற்குப் பதில் தேடத் தொடங்கியதும் கதை முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். எவ்வளவு புதிய உறவைக் கையில் எடுத்தாலும், முடிவில் ஒரு ஜோடியைச் சேர்ப்பதோ பிரிப்பதோ மட்டும் மிஞ்சும். இதே கேள்வியை முழுசாக வாங்கிக்கொண்டு, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து பதில் சொன்ன படம் ஒன்று 1977-லேயே தமிழில் வந்திருக்கிறது. கே. பாலசந்தரின் ‘அவர்கள்’. மூன்று ஆண்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பெண்ணின் கதை என்றே அதை இதுவரை சொல்லி வருகிறோம். அந்தப் படத்தில் கடைசிவரை தாங்கி நிற்கிற அன்பு மூவரில் எவரோடும் இல்லை. விவாகரத்தான ஒரு பெண்ணுக்கும் அவளுடைய முன்னாள் கணவனைப் பெற்றவளுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது. இதுவே என் வாதம்.

படம் ஏன் பின்னுக்குப் போனது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1977 பிப்ரவரி 25 அன்று வெளியான கறுப்பு வெள்ளைப் படம். பி.எஸ். லோகநாத்தின் ஒளிப்பதிவு, எம்.எஸ். விஸ்வநாதனின் இசை, கண்ணதாசனின் பாடல்கள். சுஜாதா, கமல்ஹாசன், ரஜினிகாந்த், ரவிகுமார் ஆகியோரோடு, கன்னடத்தில் ராஜ்குமாருக்கு இணையாக நாயகியாக நடித்துப் பேர் வாங்கிய லீலாவதியும் நடித்தார். 1979-ல் பாலசந்தரே இதைத் தெலுங்கில் ‘இதி கத காது’ என்ற பெயரில் எடுத்தார். ஜெயசுதா நாயகி, ரஜினி செய்த வேடத்தில் சிரஞ்சீவி. இவ்வளவு இருந்தும் பாலசந்தரின் சிறந்த படங்களைச் சொல்லச் சொன்னால் ‘அபூர்வ ராகங்கள்’, ‘சிந்து பைரவி’, ‘தண்ணீர் தண்ணீர்’ என்று அடுக்கிவிட்டுத்தான் இதன் பக்கம் வருகிறோம், அதுவும் ஞாபகம் வந்தால். வெளியான ஏழாவது மாதத்தில், அதே கமலும் ரஜினியும் நடித்த ‘16 வயதினிலே’ வந்து தமிழ் சினிமாவை ஸ்டூடியோவிலிருந்து வயல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ வந்தது. தனித்து நிற்கும் பெண் என்றால் அதன் நாயகி மஞ்சுதான் என்று விமர்சகர்கள் முடிவு கட்டினார்கள். ‘அவர்கள்’ இந்த இரண்டு பெரிய நிகழ்வுகளுக்கும் சற்று முந்திவிட்ட படம். பழைய பாணியின் கடைசிப் படங்களில் ஒன்றாக ஒதுங்கியது. இன்று அதைத் தேடுகிறவர்கள்கூட கமலையும் ரஜினியையும் ஒன்றாகப் பார்க்கவே தேடுகிறார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனு (சுஜாதா) பரணியை (ரவிகுமார்) காதலிக்கிறாள். ஊர் விட்டு ஊர் போக நேர்கிறது. கடிதங்களுக்குப் பதில் இல்லை, காதல் முறிகிறது. ராமநாதனை (ரஜினி) மணக்கிறாள். அவளுடைய பழைய காதலைக் குத்திக் குத்திப் பேசுவதில் சுகம் காணும் மனிதன் அவன், சொல்லாலும் சிரிப்பாலும் வதைக்கிறவன். குழந்தை பிறக்கிறது, விவாகரத்தும் ஆகிறது. குழந்தையோடு சென்னையில் வேலைக்குப் போய் வாழத் தொடங்கும்போது, மனைவியை இழந்தவனான ஜானி (கமல்) துணையாக நிற்கிறான். அவன் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞன். தன் காதலைத் தானாகச் சொல்ல முடியாதவன். பரணியும் மறுபடி எதிர்ப்படுகிறான், பழைய காதல் துளிர்க்கிறது. அதே நேரத்தில் திருந்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ராமநாதனும் அவள் வாழ்க்கைக்குள் மறுபடி நுழைகிறான். இதுவரை சொன்னது போஸ்டருக்கான கதை. இதற்கு நடுவில், ராமநாதனின் தாய் (லீலாவதி) அனுவின் வீட்டுக்கு வந்து சேர்கிறார். மாமியார் என்ற உரிமையோடு வரவில்லை, வீட்டு வேலை செய்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வருகிறார். கடைசியில் மூன்று ஆண்களும் ஒவ்வொரு விதத்தில் விலகியோ விலக்கப்பட்டோ போனபின் அனு ரயிலேறுகிறாள். அந்த ரயிலில் அவளோடு பயணம் போகிறவர் இந்த அம்மாதான்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் என்பதால் உங்களிடம் இதைத் தொழில் மொழியிலேயே சொல்கிறேன். மூன்று ஆண்களுக்கும் மூன்று ட்ராக் இருக்கிறது. ஒருவனுக்கு பிளாஷ்பேக், ஒருவனுக்குப் பாட்டு, ஒருவனுக்குப் பஞ்ச். பார்வையாளன் தன்னையறியாமல் ஒரு மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறான்: இவள் இவனிடம் போவாளா, அவனிடம் போவாளா? வேலைக்கார அம்மாவுக்கு அப்படி ஒரு ட்ராக் இல்லை. அவர் தொட்டில் ஆட்டுகிறார், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், சாயங்காலம் அனு வேலையிலிருந்து திரும்பும்போது வீடு வீடாக இருப்பதற்குக் காரணமாக இருக்கிறார். சினிமாவில் இது கதையாகக் கணக்கில் வராது. பின்னணியாகத்தான் வரும். அதனால் கடைசிக் காட்சியில் அவர் அனுவோடு போகும்போது அதை ஓர் உருக்கமான திருப்பமாக மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால் படத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தால், அந்த முடிவுக்கான வேலை காட்சிக்குக் காட்சி நடந்துகொண்டே இருந்தது புரியும். மூன்று ஆண்களும் அனுவிடம் தாங்கள் யார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், நேராகவோ பொம்மை வழியாகவோ. இந்த அம்மா மட்டும் அவளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்கிறார். எழுத்தில் இதைச் சாதிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். பேசுகிற பாத்திரத்தை எழுதிவிடலாம். செய்கிற பாத்திரத்தைப் பார்வையாளன் கண்ணில் படாமலேயே வளர்த்து, கடைசி ரீலில் கதையின் எடை முழுவதையும் அதன் தோளில் ஏற்றுவது வேறு வித்தை.

இன்னொரு பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் அனுவிடம் என்ன கேட்கிறார்கள்? ராமநாதன் கேட்பது பணிவு. திருந்தியவனாக நடிக்கும்போதும் அவன் கேட்பது அதைத்தான், இம்முறை மன்னிப்பு என்ற உறையில் போட்டுக் கேட்கிறான். பரணி கேட்பது உறுதி: நீ எனக்கே உரியவள் என்ற நிச்சயம். அதில் சின்னக் கீறல் விழுந்தாலும் அவனால் தாங்க முடியாது, விலகிப் போய்விடுகிறான். ஜானி எதையும் கேட்பதில்லை. மூவரில் நல்லவன் அவன்தான், நம் மனம் ஆசைப்படுவதும் அவனைத்தான். ஆனால் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பவனின் அன்பு, வாங்குகிறவளின் மேல் கடனாக ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் அவள் நன்றிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற சங்கடம் அந்த உறவில் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தாயும் கொடுக்கிறார், அவரும் பதிலுக்கு எதையும் கேட்பதில்லை. ஆனால் அவர் கொடுப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது: தன் வயிற்றில் பிறந்தவன் செய்த அநியாயம். ஆகவே அனு அவருக்குக் கடன்பட வேண்டியதில்லை. அவர்தான் கடன் தீர்க்க வந்தவர். அப்படித் தொடங்கியது, கடன் தீர்ந்த பிறகும் முடியவில்லை என்பதைத்தான் ரயில் காட்சி சொல்கிறது.

இந்த உறவு எவ்வளவு புதியது என்று தெரிய, அன்றைய சட்டத்தையும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1955-ன் இந்து திருமணச் சட்டத்தில் கணவனின் கொடுமை, நீதிமன்றத்தின் வழியாகப் பிரிந்து வாழ மட்டுமே காரணமாக ஏற்கப்பட்டது. திருமணத்தையே ரத்து செய்யப் போதுமான காரணமாக அது இல்லை. 1976 மே 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம்தான் கொடுமையை விவாகரத்துக்கே காரணமாக ஏற்றுக்கொண்டது. இருவரும் ஒப்புக்கொண்டு விலகிப்போக வழி செய்யும் 13-பி பிரிவும் அப்போதுதான் சேர்ந்தது. ‘அவர்கள்’ வந்தது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. சட்டம் ஒரு கதவைத் திறந்த அதே காலத்தில், அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இந்தப் படம் எட்டிப் பார்த்தது. விவாகரத்து கணவனை மட்டும் நீக்குவதில்லை. மாமியார், நாத்தனார், மச்சினர், பண்டிகை, சீர் என்று ஒரு குடும்பம் முழுவதையுமே ஒரே கையெழுத்தில் அந்நியமாக்கிவிடுகிறது. அப்படி அந்நியமான ஒருத்தி, இனி தனக்கு எந்த உரிமையும் கடமையும் இல்லாத ஒரு வீட்டுக்குத் தானாக நடந்து வருவது, சட்டமும் சம்பிரதாயமும் கைவிட்ட இடத்தில் மனிதர்கள் தாங்களாகவே ஓர் உறவைக் கட்டிக்கொள்வது. இன்று ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்று பேசுகிறோம். அந்தப் பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கறுப்பு வெள்ளையில், இரண்டு பெண்களையும் ஒரு குழந்தையையும் வைத்து அதைக் காட்டியிருக்கிறார்கள்.

“இது அன்பு இல்லை, குற்ற உணர்ச்சி. பிராயச்சித்தம் செய்ய வந்த ஒரு தாயை நீங்கள் காதல் கதையின் நாயகியாக்குகிறீர்கள்” என்று உங்களில் ஒருவர் மறுக்கலாம். தொடக்கம் குற்ற உணர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த அன்பின் தொடக்கம்தான் சுத்தமாக இருக்கிறது? பரணியின் காதல் இளமையின் தற்செயலில் தொடங்கியது. ஜானியின் காதல் தனிமையில் தொடங்கியது. தொடக்கத்தை வைத்து அளந்தால் சினிமாவில் எந்தக் காதலும் தேறாது. அந்த உறவு எதைத் தாங்கியது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். மகன் திரும்பி வந்து நிற்கிறான். திருந்திவிட்டதாகச் சொல்கிறான். பெற்றவளுக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா? தமிழ் சினிமாவின் எந்தத் தாயும் அந்த இடத்தில் மகன் பக்கம் சாய்ந்து, மருமகளின் கையைப் பிடித்து “அவனை மன்னிச்சு ஏத்துக்கோம்மா” என்று கெஞ்சுவாள். அது நம் மெலோடிராமாவின் அடிப்படை விதி, பார்வையாளனும் அழத் தயாராக இருப்பான். ஆனால் இந்த அம்மா ஏறிய ரயில் அந்த விதியை மறுத்துவிட்டு ஓடுகிறது. பிராயச்சித்தம் மட்டும்தான் என்றால் மகன் மனம் திருந்தினான் என்ற சொல்லோடு அது முடிந்திருக்க வேண்டும்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கணவனை இழந்த மருமகள், கணவனையும் மகன்களையும் இழந்த மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுத்து, தன் தேசத்தை விட்டு அவரோடு நடக்கிறாள். மாமியார் மருமகள் அன்புக்கு உலக இலக்கியத்தில் அதற்கு மிஞ்சிய கதை இல்லை. ‘அவர்கள்’ அதைத் தலைகீழாக்குகிறது. ரூத்தின் கதையில் ஆண்கள் இறந்துபோனதால் இரு பெண்களும் ஒன்றாகிறார்கள். அந்த அன்பில் இறந்தவனின் நினைவும் கலந்திருக்கிறது. முடிவில் ரூத் போவாஸை மணந்து, பிறக்கும் பிள்ளையால் அந்த வம்சமே துளிர்க்கிறது. பாலசந்தரின் கதையில் ஆண் உயிரோடு இருக்கிறான், வாசலில் நிற்கிறான். இரு பெண்களின் அன்பும் அவனை மீறி, அவனுக்கு எதிராக நிற்க வேண்டியிருக்கிறது. பின்தொடர்ந்து போகிறவள் இளையவள் இல்லை, மூத்தவள். ஐம்பது அறுபது வயதில், பெற்ற மகனின் வீட்டைவிட உரிமையில்லாத ஒருத்தியின் பயணம் மேல் என்று கிளம்புகிற பெண்ணை எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு, அதைப் பெண் எழுத்தாளர்கள்தான் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். ஒரு முதிய பெண் இன்னொரு பெண்ணின் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாக உழைப்பதில் புரட்சி என்ன இருக்கிறது? பெண்ணின் அன்பு என்றால் பாத்திரம் கழுவுவதும் பிள்ளை வளர்ப்பதும்தானா? நியாயமான கேள்வி. படத்திலும் இந்தப் பலவீனம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கென்று ஓர் ஆசை, ஒரு கோபம், ஒரு பழைய வாழ்க்கை என்று பாலசந்தர் அதிகம் எழுதவில்லை. அவர் தியாக பிம்பமாகவே பல இடங்களில் நின்றுவிடுகிறார். ஆனால் வேலைக்காரி என்ற நிலையையே நம் குடும்ப அமைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று பழகிய வீடு நம்முடையது. அந்த வீட்டில் அதிகாரம் எப்போதும் மேலிருந்து கீழாக, மூத்தவளிடமிருந்து இளையவளுக்கு இறங்குவது. இளமையில் தான் பட்டதை முதுமையில் திருப்பிக் கொடுப்பதே மாமியாரின் உரிமை என்று நம்பிய சமூகம். அங்கே மாமியார் தன் இடத்தைத் தானே விட்டு இறங்கி வந்து மருமகளின் அடுப்படியில் நிற்கிறார் என்றால், அந்த அதிகாரத்தின் ஏணியையே அவர் எடுத்துவிடுகிறார். சமமாக நிற்பதற்கு முன் யாராவது ஒருவர் மேலிருந்து இறங்கித்தானே ஆக வேண்டும்? ரயிலில் ஏறும்போது அவர் வேலைக்காரி இல்லை, மாமியாரும் இல்லை. இரண்டு பயணிகள், அவ்வளவுதான்.

மிகவும் கனமான மறுப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. பாலசந்தர் எப்போதும் வாசல்படி வரை அழைத்துக்கொண்டு போய்விட்டுப் பின்வாங்குகிறவர் என்று சொல்வார்கள். ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் தன்னைவிட மூத்த பாடகியை ஓர் இளைஞன் காதலிக்கிறான். அவளுடைய மகளோ அவனுடைய தந்தையை விரும்புகிறாள். அவ்வளவு தூரம் போன கதை, கடைசியில் தாயை மகளிடமும் தந்தையை மகனிடமும் ஒப்படைத்துவிட்டு ஒழுங்காக முடிந்துவிடுகிறது. ‘அவர்கள்’ படத்திலும் விவாகரத்தான பெண்ணுக்கு மறுமணம் கிடையாது. ஜானியைப் போன்ற ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவள் தனியாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் 1977-ன் பார்வையாளர்கள் அவளை இன்னொருவனின் மனைவியாகப் பார்க்கச் சம்மதிக்க மாட்டார்கள். கற்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படம் முடிகிறது என்கிறது இந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. அனுவும் ஜானியும் சேரக் கூடாது என்பதற்குக் கதைக்குள்ளேயே உறுதியான காரணம் எதுவும் இல்லை. ஆனால் பின்வாங்கலும் ஒரே மாதிரி இல்லை. ‘அபூர்வ ராகங்கள்’ முடியும்போது ஒவ்வொருவரும் தாங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். ‘அவள் அப்படித்தான்’ முடியும்போது மஞ்சு காரிலிருந்து இறங்கி ரோட்டில் தனியாக நிற்கிறாள், கார் போய்விடுகிறது. அது உண்மையான முடிவு, கொடுமையான முடிவு. ஆனால் அவளைப் புரிந்துகொள்ளாத உலகம்தான் அங்கே வென்றது. அனு திரும்பவும் இல்லை, தனியாக நிற்கவும் இல்லை. ஆண்களிடமிருந்து பாலசந்தர் பின்வாங்கினார், சரி. ஆனால் பின்வாங்கிய இடம் பிறந்த வீடு இல்லை, தனிமையும் இல்லை. யாரும் போய்ப் பார்த்திராத ஓர் உறவுக்குள் அவர் அவளை அனுப்பிவைத்தார். கோழைத்தனத்தில் தொடங்கிய ஒரு முடிவு தைரியமான இடத்தில் போய் நிற்கலாம், கலையில் அப்படி நடப்பதுண்டு.

நாடகத்தனம் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் உங்கள் தலைமுறைக்குப் பாலசந்தரைப் பார்க்க முதல் தடையே அதுதான். குறியீடுகள் கண்ணில் குத்தும், வசனம் பாதி மேடையில் நிற்கும். பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானியின் மடியில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர், அந்தப் பொம்மை, ஒரு பாட்டில் அனுவின் மேல் ஆசையைச் சொல்கிறது. மனிதன் அதைக் கண்டிக்கிறான், உனக்கு இது ஆகாது என்று அடக்குகிறான். மனிதனுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார், பொம்மைக்குக் குரல் கொடுத்தவர் சதன். பொம்மையின் வாய் திறந்து மூடும்போது ஜானியின் உதடு அசையாமல் இருக்கிறது. அந்த அசையாத உதடுதான் காட்சியின் உயிர். சொல்ல வேண்டியதையெல்லாம் மரவாய்க்குக் கொடுத்துவிட்டு, தான் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொள்கிற ஆண். தந்திரம் வெளிப்படையாகத் தெரிகிறது, ஆனாலும் வலிக்கிறது. அதே வீட்டில், காதலைச் சொல்வதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒருத்தி எந்த ஏற்பாடும் இல்லாமல் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நாடகத்தனம் படத்தின் குறை என்றால், அந்தக் குறை இல்லாத ஒரே பாத்திரம் அவள்தான். சுற்றிலும் சத்தம் இருப்பதால்தான் அவளுடைய அமைதி எடுபடுகிறது.

இந்த முடிவு தற்செயலாக வந்து விழுந்ததா, பாலசந்தர் அறிந்து செய்ததா என்று கேட்பவர்களுக்கு அவருடைய பிற்காலப் படங்களே பதில் சொல்லும். 1985-ல் ‘சிந்து பைரவி’: சங்கீத வித்வானின் மனைவி பைரவி, அவன் நேசித்த சிந்து. ஊர் எதிர்பார்த்தது இரு பெண்களின் சண்டையை. படம் முடிவது சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போவதில். 1996-ல் ‘கல்கி’: கணவனால் வதைபட்டு விலகிய செல்லம்மாவுக்காக, அந்த மனிதனின் வாழ்க்கைக்குள் வலிந்து நுழைந்து, தான் பெறும் குழந்தையை அவளிடம் ஒப்படைக்கிறாள் கல்கி. அந்தப் படத்தில் பிரகாஷ் ராஜ் செய்த கணவன், ராமநாதனின் தம்பி என்றே சொல்லலாம். ஒரே ஆணால் காயப்பட்ட இரண்டு பெண்கள், அவனுக்காக ஒருவரோடொருவர் மோதாமல், அவனைத் தாண்டிக் கைகோத்துக்கொள்வது: பத்தொன்பது வருஷம் அவர் விடாமல் எழுதிப் பார்த்த கதை இது. மற்ற இரண்டு படங்களிலும் அந்தக் கைகோப்பு ஒரு குழந்தையைக் கைமாற்றுவதற்காக நடக்கிறது, கொடுத்தவள் போய்விடுகிறாள். ‘அவர்கள்’ படத்தில் மட்டும்தான் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். மூன்றில் அது முந்தியது, என் கணிப்பில் அதுவே மேலானதும்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதைக் கொண்டாட வந்த ‘ஓ காதல் கண்மணி’ (2015) திருமணத்தில்தான் முடிந்தது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில், பெண்ணாகத் திரும்பி வந்த ஷில்பாவை மனைவி ஜோதியும் மகன் ராசுக்குட்டியும் ஏற்றுக்கொள்ளும் பகுதி அழகானது, தமிழில் அந்த அளவுக்கு யாரும் போனதில்லை. ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) காதலை எதிர்ப்பவர்களின் அரசியலையே மேடையேற்றியது. இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் எல்லாமே ஜோடியைச் சுற்றித்தான் சுழல்கின்றன: யார் யாரைக் காதலிக்கலாம் என்ற எல்லையை நகர்த்துகின்றன, அன்பு என்றால் ஜோடி என்ற எண்ணத்தைத் தொடுவதில்லை. இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு ஓடும் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியாரும் மருமகளும் இன்றும் விஷம் வைத்துக்கொண்டும் சொத்துப் பத்திரத்தை ஒளித்துக்கொண்டும் இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பெண்களைப் பற்றி நம் திரை கற்றுக்கொண்டது மிகவும் குறைவு. விவாகரத்து இன்று ஊரில் நடக்காத அதிசயம் இல்லை. பேத்தியைப் பார்க்க முன்னாள் மருமகளின் வீட்டுக்குத் தூக்குச்சட்டியோடு போய்வரும் பாட்டிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், நம் திரையில்தான் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். படத்தைத் தேடி எடுத்து மறுபடி பாருங்கள். லீலாவதி வரும் காட்சிகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்தக் காட்சிகளின் வரிசையை ஒரு திரைக்கதையாகப் படித்துப் பாருங்கள். பாலசந்தர் எழுதாமல் விட்ட பக்கங்கள் எவை என்று அப்போது தெரியும். அவை நிறைய. அவருடைய படம் ரயிலோடு நின்றுவிட்டது. அந்த ரயில் ஏதோ ஓர் ஊரில் நின்றிருக்கும். இரண்டு பெண்களும் குழந்தையும் இறங்கி வாடகைக்கு வீடு கேட்டிருப்பார்கள். வீட்டுக்காரர் முதலில் கேட்டிருப்பது “வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?” என்றுதான். அடுத்த கேள்வி, “நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?” குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும், அப்பாவைப் பற்றிக் கேட்கும். பாட்டி என்ன சொல்வார்? அனுவுக்கு மறுபடி ஒருவனைப் பிடித்துப்போனால் அந்த அம்மா என்ன செய்வார்? அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், மகனுக்குத் தந்தி அடிப்பது யார்? அடிக்கலாமா, வேண்டாமா என்று அந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? இவ்வளவும் ஒரு முழுப் படத்துக்கான காட்சிகள். தமிழில் இன்னும் எடுக்கப்படாத படம் அது. உங்களில் ஒருவர் அதை எழுதுங்கள். தயாரிப்பாளர் “அந்தப் பொண்ணு கடைசியில யாரோட சேர்றா?” என்று கேட்டால், முதல் காட்சியிலேயே சேர்ந்துவிட்டார்கள் சார் என்று சொல்லிவிட்டு மீதிக் கதையைச் சொல்லத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் படத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பார்வையாளர்